இலாகா இல்லாத மந்திரி

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 21 நாளைக்கு யாரும் வாசல் தாண்டக் கூடாது என்றார். எனக்கு உள்ளூரக் குஷி. மின்சார ரயிலும் இல்லை, மேனேஜர் முகமும் இல்லை. "ஒரு காபி போடேன்" என்று திரும்பினால், மனைவியைக் காணோம். அரிசி டின்னைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டை ஆள்வது யார் என்று அந்த இரவே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு என்று தமிழக அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் நான் நூற்றுக்கு நூறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழித்திருப்பது நம்மால் ஆகாத காரியம். விலகி இருக்கச் சொல்லி அடுப்படியிலிருந்தே தனி அரசாணை வந்தது: "ஏங்க, புண்ணியமாப் போகும், ஹாலுக்குப் போங்க." நான் உதவத்தான் போயிருந்தேன். கடுகு எங்கே, வெந்தயம் எங்கே, இது என்ன பருப்பு என்று கேட்டதைத் தவிர ஒரு தொந்தரவும் செய்யவில்லை. (துவரையும் கடலைப்பருப்பும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இது என் கட்சி.)

எத்தனை நாள்தான் இலாகா இல்லாத மந்திரியாகவே காலம் தள்ளுவது? கெஞ்சிக் கூத்தாடி ஒரு துறை வாங்கினேன், கழுவும் துறை. ஆவின் பாக்கெட்டுக்குச் சோப்புக் குளியல், காய்கறிக்கு மஞ்சள் தண்ணீர். இரண்டு வாளியில் எது எது என்று குழம்பியதில் அன்றைய கீரை மசியலில் பாத்திரம் தேய்க்கிற வாசனை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னாள்: "டேய், கொரோனா செத்திருக்கும். நாம?" துறை பறிபோனது.

பிறகு கொள்முதல். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்றார்கள். 25ஆம் தேதி கடைத்தெருவில் ஊரே திரண்டு நின்றது. நோய் பரவாமலிருக்க ஊரை மூடுவதும், மூடுவதற்கு முதல் நாள் எல்லோரையும் ஒரே கடையில் கூட்டுவதும் என்ன கணக்கோ! முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவ, முண்டியடித்துப் போய் ஒரு முழுப் பூசணிக்காயோடு வெற்றி வீரனாகத் திரும்பினேன். சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தது தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய்.

"இது எதுக்கு? கொரோனாவுக்குத் திருஷ்டி சுத்திப் போடவா?"

நான்கு நாளும் பூசணிதான். சாம்பார், கூட்டு, மோர்க்குழம்பு. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூனில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தது. பனியனும் கைலியுமாகக் குறுக்கே போனேன். "பின்னால நிக்கிற அங்கிளைக் கொஞ்சம் நகரச் சொல்லும்மா" என்றார் டீச்சர். "அவர் எங்க அப்பா மிஸ்" என்று மகள் சொல்வாள் என்று பார்த்தேன். "சரி மிஸ்" என்றாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து, "வர வேண்டாம், வீட்டிலேயே பத்திரமா இருங்க" என்று போனில் சொன்ன தாராள மனசுக்காரன் நான். பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு காபி ஆறாகி, டிபன் மூன்று வேளையானது. எனக்குப் பாதியான வேலை அப்படியே மனைவி தலையில் போய் இறங்கியது. அலுவலகத்தில் எனக்கு சனி, ஞாயிறு விடுமுறை உண்டு.

அதே ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் தந்தார்கள். டோக்கனோடு சுண்ணாம்பு வட்டத்தில் நின்று, வாங்கி வந்து, அவள் கையில் கொடுத்தேன். எண்ணாமலே அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் செருகினாள். அட்டையில் குடும்பத் தலைவர் என்று இருப்பது என் படம்தான். ஆனால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர் 18 வயது நிரம்பிய மூத்த பெண்தான். சட்டம் வந்தது 2013இல். எங்கள் வீட்டில் அமலானது 2020இல்.