அக்கம்பக்கம் தெரியாமல் நெட்வொர்க் நடத்துவது எப்படி?

வீரபாண்டியில் கடை வைத்திருக்கிறீர்கள். ஒரு ரவுட்டர், 8 ஓட்டை உள்ள சுவிட்ச், 4 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா. இவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையை எப்படிக் கெடுப்பது என்று சொல்லித்தருகிறேன். பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதியைச் சேர்ந்தே முடிப்போம்.

எதைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் முழுசாகக் கெடுக்க முடியும். கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா 8 நாளும் மைக் செட்டில் கேட்கிறோமே: “கூடலூரிலிருந்து வந்திருக்கும் அண்ணன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.” கூட்டம் மொத்தமும் கேட்கிறது; போவது ஒருவர். உங்கள் கல்லா கம்ப்யூட்டரும் பிரிண்டரை இப்படித்தான் தேடுகிறது. “192.168.1.50 யாருப்பா? எங்கிட்ட வந்து சொல்லு!” எல்லாக் கருவியும் கேட்கும். அந்த எண்ணுக்கு உரியது மட்டும் தன் 48 பிட் வன்பொருள் முகவரியைக் கூப்பிட்டவர் காதில் சொல்லும். இதற்குப் பெயர் ஏ.ஆர்.பி. டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் எழுதிவைத்த முறை. பதில் சொல்கிறவனிடம் அடையாள அட்டை கேட்க அவர் வழி வைக்கவில்லை. அந்த ஒரு ஓட்டைதான் நமக்கு மூலதனம்.

1. ஒரே எண்ணை இருவருக்குக் கொடுங்கள். பிரிண்டருக்கு 50 என்று கையால் போடுங்கள். எங்கும் குறித்து வைக்காதீர்கள். அடுத்த மாதம் கேமரா மாட்ட வருகிற தம்பிக்கும் 50 பிடித்துப்போகும், போடட்டும். இனி மைக்கில் கூப்பிட்டால் இருவர் வருவார்கள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் கடைசியாகப் பேசியவனையே நம்பும், பில் கேமராவுக்குப் போகும். ‘இந்த முகவரியை வேறொருவர் வைத்திருக்கிறார்’ என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கலாம். வழக்கம்போல மூடிவிடுங்கள்.

2. இரண்டாவது ரவுட்டர் வாங்குங்கள். பின்கட்டு குடோனுக்கு வைஃபை எட்டவில்லை அல்லவா? தேனிக்குப் போய் ஒன்று வாங்கிவந்து அப்படியே செருகுங்கள். எண் பங்கிடும் வேலையை (அதற்குப் பெயர் டி.ஹெச்.சி.பி.) அதுவும் செய்யும். ஒரே ஊருக்கு இரண்டு நாட்டாமை. புது நாட்டாமையிடம் எண் வாங்கியவர்கள், வெளியே போகும் வாசலும் அவர் வீட்டில்தான் என்று நம்பி, லைனே இல்லாத ரவுட்டரின் முன் போய் நிற்பார்கள். “வைஃபை இருக்குண்ணே, நெட்டுதான் இல்ல” என்ற புகார் இப்படியும் பிறக்கிறது. டி.ஹெச்.சி.பி.யை அணைக்க ஒரே ஒரு டிக்கை எடுத்தால் போதும். எடுக்காதீர்கள், சோலி சீக்கிரம் முடிந்துவிடும்.

3. தொங்கும் வயரைச் செருகுங்கள். சுவிட்சிலிருந்து வரும் வயரின் நுனி தொங்கினால் கடைக்கு அழகா? அதே சுவிட்சின் காலி ஓட்டையில் சொருகிவிடுங்கள். கூவிய கூவல் ஒரு ஓட்டை வழியாகப் போய் இன்னொன்று வழியாகத் திரும்பும், மறுபடி போகும், பெருகும். ஈதர்நெட்டில் கூவலுக்கு வயது கிடையாது, தானாகச் சாகாது. இந்தச் சுழலை அறுக்க ரேடியா பெர்ல்மன் 1985இலேயே ‘ஸ்பேனிங் ட்ரீ’ கண்டுபிடித்துவிட்டார். விலை மலிவான சுவிட்சில் பெரும்பாலும் அது இருக்காது, நீங்களும் மலிவைத்தான் வாங்கினீர்கள். விளக்கெல்லாம் கோயில் சீரியல் செட் மாதிரி சேர்ந்து மின்னும், பார்க்க நன்றாக இருக்கும். என் கடையில் இது நடந்தபோது அரை நாள் முழுக்க லைன் கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தேன். வயரைச் செருகியது நான்தான்.

4. ஐபிவி6ஐ வாய் கட்டுங்கள். இது ஏ.ஆர்.பி.யைவிடக் கொஞ்சம் நாகரிகமாகத் தேடும் முறை. திருவிழாக் கூட்டம் முழுவதையும் எழுப்பாமல், முகவரியின் கடைசி 24 பிட் ஒத்துப்போகிறவர்களை மட்டும் கூப்பிடும். கூடலூர்க்காரர்கள் மட்டும் காது கொடுங்கள் என்பதுபோல. ஒரு ரவுட்டரைத் தாண்டி வந்த கூவலை ஏற்காது, ஆகவே முல்லையாற்றுக்கு அக்கரையில் நின்று யாரும் ஏமாற்ற முடியாது. இத்தனை ஒழுங்கைக் கெடுக்க ஒரே வரி போதும்: ‘பிங் ஆபத்து’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஐ.சி.எம்.பி.வி6 முழுவதையும் ஃபயர்வாலில் தடுங்கள். பக்கத்துக் கருவியைத் தேடும் பேச்சும் அதில்தான் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் ரவுட்டரும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

5. வயர்களுக்குப் பெயர் ஒட்டாதீர்கள். எந்த வயர் எந்த ஓட்டையில் என்று கருவிகளே சொல்லிக்கொள்ள எல்.எல்.டி.பி. என்று ஒன்று 2005இல் வந்தது. வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை தன் பெயர், போர்ட், மென்பொருள் பதிப்பு எல்லாம் ஒப்பிக்கும். மெக்கானிக்குக்கு உதவும் இடத்தில் அதை அணையுங்கள். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள ஓட்டையில் மட்டும் ஓடவிடுங்கள்.

6. ஊரையே உள்ளே விடுங்கள். இதுதான் உச்சம். திருவிழாக் கூட்டத்தில் பாஸ்வேர்டு கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சலித்து, அட்டையில் எழுதி மாட்டுவீர்கள். விருந்தாளிகளுக்குத் தனி நெட்வொர்க் போட உங்கள் ரவுட்டரிலேயே வசதி இருக்கக்கூடும், தேடாதீர்கள். இப்போது கூட்டத்தில் எவனாவது ஒருவன், யாரும் கேட்காமலே, “நான்தான் ரவுட்டர்” என்பான். பல கருவிகள் மறுபேச்சில்லாமல் நம்பும். கல்லாவிலிருந்து வெளியே போகிறதெல்லாம் அவன் கை வழியாகவே போகும். வங்கிப் பக்கம் பூட்டுப் போட்டுப் போவதால் உள்ளே இருப்பதைப் படிக்க மாட்டான். “நான்தான் கேமரா” என்றும் சொல்லி, பூட்டே இல்லாத பழைய கேமராவின் பாஸ்வேர்டை நிதானமாகப் படிப்பான்.

இத்தனைக்கும் பிறகு எல்லாம் ஓடினால் பதற வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருப்பீர்கள். பழைய நினைவு அழிந்து, கருவிகள் புதிதாகக் கூவித் தேடியிருக்கும். கொஞ்ச நேரம் ஓடும். ஏன் நின்றது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சித்திரையில் வந்தால் நம்ம கடைக்கும் வாங்க. பாஸ்வேர்டு கல்லாவுக்கு மேலே, கேமராவுக்குக் கீழே, அட்டையில் இருக்கு.