பருப்பு வேகலைன்னா யாரைக் கேட்பது?

ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு மசியலை. மாமியார் மளிகைக் கடைக்காரரைத் திட்டுறாங்க, நான் குக்கரைத் திட்டுறேன். யார் பக்கம் நியாயம்? (ஆம்பூர், கஸ்பா)

இரண்டு பேருமே ஆளை மாற்றித் திட்டுகிறீர்கள். காரணம் போர் தண்ணி. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது இளகினால்தான் பருப்பு குழையும். தண்ணியில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அதை இளக விடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் வெந்துவிடும், ஆனால் பருப்பில் இருக்கிற பி1 வைட்டமின் வீணாகும். காவிரித் தண்ணி வருகிற நாளில் இரண்டு குடம் பிடித்துப் பருப்புக்கென்று தனியாக வையுங்கள். புளியைப் பருப்பு வெந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் அதுவும் இறுக்கும். இன்று சாயங்காலமே மாமியாரிடம் சொல்லுங்கள், கடைக்காரர் பிழைத்துப் போகட்டும்.

சோப்பு நுரைக்கவே இல்லை. தலைமுடி தேங்காய் நாராகிவிட்டது. முடி கொட்டுவதும் இந்தத் தண்ணியால்தானா? (காட்பாடி)

நாரானதற்குத் தண்ணி பொறுப்பு. சோப்பு, நுரைக்கும் முன்பே கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி விடுகிறது. பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கோடு விழுகிறதே, அதுதான். அதே பிசுக்கு முடியிலும் படிகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கிற சாப்போனின் கால்சியத்தோடு அப்படிச் சேர்வதில்லை, அதனால் உப்புத் தண்ணியிலும் அழுக்கை எடுக்கும். வாரத்தில் ஒரு நாளாவது அதற்குத் திரும்புங்கள். வேரோடு கொட்டுவதற்குத் தண்ணிதான் காரணம் என்று உறுதியான சான்று இல்லை. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். தண்ணிமேல் பழியைப் போட்டுவிட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெட்டில் அடியில் இவ்வளவு வெள்ளை படியுதே, இதேதானே கிட்னியிலும் படியும்? (வேலூர், சத்துவாச்சாரி)

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கெட்டிலில் அரை டம்ளர் வினிகர் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள். பிறகு காதை வைத்தால் கேட்கிற மாதிரி 'சுர்ர்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் முறுகல் தோசையின் ஓரம் போல ஏடு ஏடாகக் கழன்று மிதந்தது. குமிழாகப் போனது கரியமில வாயு. அந்த வெள்ளை, வெறும் கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகினால் ஆவதும் இதுதான்.

கெட்டிலில் அது படிவது கொதிக்கிற சூட்டால். உடம்பில் அந்த வேலை நடப்பதில்லை. கிட்னிக் கல்லில் பெரும்பாலானது கால்சியம் ஆக்சலேட், வேலூர் வெயிலில் போதிய தண்ணி குடிக்காமல் இருப்பது அதற்குப் பெரிய காரணம். கால்சியமும் மக்னீசியமும் கூடித் தண்ணி கடினமாக இருக்கிறதே என்று குறைவாகக் குடிப்பதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணம் காட்டிக் கடினத்தன்மைக்கு வரம்பு வைக்கவில்லை. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணியே இல்லையென்றால் 600 வரை. கீசர் ராடுக்குத்தான் இந்த வெள்ளைப் படிவு எமன். ராடைச் சுற்றிப் படிவு ஏற ஏறக் கரண்டும் கூடுதலாகச் செலவாகும், ராடும் சீக்கிரம் எரியும்.

படிகாரம் போட்டால், தேத்தாங்கொட்டை உரசினால் உப்பு போகுமா? (மேல்விஷாரம்)

கலங்கல் போகும். உப்பு போகாது.

நான் டேனரியில் வேலை செய்பவன். எங்க ஊர் தண்ணி தாத்தா காலத்திலிருந்தே உப்புதான். எதற்கெடுத்தாலும் தோல் தொழிலைக் குறை சொல்வது சரியா? (வாணியம்பாடி)

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. நம்முடையது பாறை பூமி. போர் ஆழம் போகப் போகத் தண்ணி பாறையோடு நெடுநாள் கிடந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மீதிப் பாதி உங்கள் கைக்கே தெரியும். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க 100 கிலோவுக்கு 40 கிலோ அளவுக்கு உப்பு தேய்த்து அனுப்புகிறார்கள். வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அடுத்தது, முடி கழலச் சுண்ணாம்புத் தொட்டி. அந்தத் தண்ணி பல வருஷம் ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது.

மண்ணுக்குள் அது என்ன செய்தது என்பதைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. களிமண் துகள்கள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். உப்பிலிருக்கிற சோடியம் கூட்டமாக வந்து அவற்றை எழுப்பிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எழுந்தவை கிணற்றுக்கு வருகின்றன. தொட்டியில் கழுவிய உப்பு கிணற்றைக் கரிக்க வைத்ததோடு நிற்கவில்லை, உங்கள் வீட்டுப் பருப்பையும் வேக விடாமல் செய்தது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணியைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அது பெரிய முன்னேற்றம். பிரித்த உப்புக்குத்தான் போக்கிடம் இல்லாமல் கொட்டகைகளில் குவிகிறது. விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் சம்பளத்தில் எத்தனை பிள்ளைகள் காலேஜ் போயிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தொழிலும் வேண்டும், தண்ணியும் வேண்டும் என்று கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? (பேரணாம்பட்டு)

கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு அடியில் தங்கும். உப்பும் குரோமியமும் ஆவியாகாது, தண்ணி வற்ற வற்ற அவற்றின் அடர்த்திதான் ஏறும். டம்ளரில் வெள்ளைக் கறை விட்டுக் காட்டிக்கொடுக்கிற கால்சியத்துக்குப் பயப்படுகிறோம். கறையே விடாத குரோமியத்தைக் கேட்பதில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் குரோமியக் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் கிடந்தது. பக்கத்தில் போர் வைத்திருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணியைக் கொடுக்கும்போது "குரோமியமும் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது.

ஆர்.ஓ. வாங்கவா, சாஃப்ட்னர் வாங்கவா? (ராணிப்பேட்டை)

குடிக்க ஆர்.ஓ., துவைக்கவும் கீசருக்கும் சாஃப்ட்னர். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. நம் மண்ணில் நடந்ததற்கு நேர் எதிர் வேலை. அதனால் பிபி இருப்பவர்கள் அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ.வே தேவையில்லை என்று 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, ஆகவே முதலில் தண்ணியைச் சோதியுங்கள். ஆர்.ஓ. கழித்துவிடுகிற தண்ணி கழிவறைக்கு ஆகும், செடிக்கு ஆகாது. தயவுசெய்து கிணற்றடியில் மட்டும் விடாதீர்கள்.

தினம் ஒரு கேன், 30 ரூபாய். இந்தச் செலவை நாங்கள் ஏன் சுமக்கணும்? (குடியாத்தம்)

சுமக்கக் கூடாது என்று தீர்ப்பே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்றது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தை நடத்துகிறார்கள். இழப்பீடு தனி. அதோடு ஒவ்வொரு டேனரிக்கும் அன்று விதித்த அபராதம் 10,000 ரூபாய். உங்கள் கேன் கணக்கு வருஷத்துக்கு 10,950 ரூபாய். அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு. இருந்தும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. கேன் ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். கிராம சபையில் இந்தக் கணக்கை எழுந்து நின்று படியுங்கள்.

பாலாற்று மணலில் கையால் தோண்டினாலே தண்ணி வரும் என்று பாட்டி சொல்கிறார். நிஜமா? (பள்ளிகொண்டா, ஒன்பதாம் வகுப்பு மாணவி)

நிஜம், கண்ணு. நானே தோண்டியிருக்கிறேன். முழங்கை ஆழத்துக்கு மணலை ஒதுக்கினால் ஓரத்திலிருந்து மெல்லக் கசியும். முதலில் வருகிற கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துவிட்டுக் காத்திருந்தால் அடியில் கிடக்கிற மணலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மணல்தான் ஆற்றின் தொட்டி, மணல்தான் வடிகட்டி. அதை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதை நீயும் பார்த்திருப்பாய். அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணியிலேயே உலை வைத்தோம். பாசிப்பருப்பு அரிசியோடு சேர்ந்து குழைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கரண்டியால் அள்ளி எல்லோருக்கும் காட்டினார்.