ஓட்டாத உத்தமர்

அண்ணனின் பாதுகையைக் காலில் போடாமல் அரியணையில் ஏற்றிப் பதினான்கு ஆண்டு காத்தவன் என்று பரதனைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனாலும் அவன் காத்தது ஒரு ஜோடிச் செருப்பை. மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய காரை வாங்கி, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கொட்டகையைவிட்டு நகராமல் காக்கும் உத்தமர்களும் இந்தப் பூமியில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை. ஏலக் கம்பெனிகள் மட்டும் வழவழப்பான தாளில் கேட்டலாக் போடுகின்றன. அந்தக் குறையை என்னால் முடிந்தவரை தீர்க்கப் பார்க்கிறேன்.

முதலில் கார். பெயர் மெக்லாரன் எஃப்1, பிறந்த ஊர் இங்கிலாந்தின் வோக்கிங். பந்தயக் கார்களை வடிவமைத்துப் பேர்பெற்ற கார்டன் மரே, சாலையில் ஓட்டுவதற்கென்று உலகத்திலேயே சிறந்த காரைச் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்து வரைந்தது. 1992-இல் மொனாக்கோவில் வெளியிட்டார்கள். 1998 வரை, பந்தய வண்டிகளையும் முன்மாதிரிகளையும் சேர்த்து, மொத்தம் 106 தான் செய்தார்கள். ஓட்டுபவர் நட்டநடுவில் உட்காருவார். இரண்டு பேர் அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்னால். பிஎம்டபிள்யூ செய்துகொடுத்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், 600 குதிரைத்திறனுக்கு மேல். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. சாலைக்கும் ஓட்டுபவரின் உள்ளங்கைக்கும் நடுவில் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று மரேவுக்கு அப்படியொரு வைராக்கியம். ரேடியோகூட வைக்காமல் சிடி பிளேயரோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய், ஓட்டுபவரின் தலைக்கு நேர்மேலே கூரையில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த உறுமல் உச்சந்தலையில் இறங்கும் என்கிறார்கள் ஓட்டியவர்கள்.

ஓட்டியவர்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். நம் உத்தமருக்கு அந்தத் தொந்தரவே இல்லை. ஒரு மனிதன் வருடக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டு வடித்த சத்தத்தைக் கேட்காமலேயே இருப்பதற்கு எவ்வளவு புலனடக்கம் வேண்டும்! எஞ்சின் அறையின் உட்சுவரில் தங்கத்தகடு ஒட்டியிருக்கிறார்கள். ஆடம்பரத்துக்காக இல்லை, எஞ்சினின் வெப்பத்தைத் திருப்பியனுப்பத் தங்கம் நல்லது என்பதால். எஞ்சினே சூடாகாத வீட்டில் அந்தத் தங்கத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டு நகைக்கு வங்கி லாக்கரில் என்ன வேலையோ, அதே வேலைதான்.

2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 029 என்ற எண் கொண்ட எஃப்1 ஏலத்துக்கு வந்தது. 1995 மாடல், பழுப்பு நிறம். மீட்டரில் 242 மைல், அதாவது சுமார் 390 கிலோமீட்டர். முதன்முதலில் மாட்டிய குட்இயர் டயர்கள் அப்படியே இருந்தன. போன விலை 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர். இந்த மாடலுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எஃப்1-இன் முன்மாதிரி ஒன்று 1998-இல் ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் மணிக்கு 240.1 மைல் வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தில் வைத்துப் பார்த்தால் 029 இருபத்தாறு ஆண்டில் ஓடிய தூரம் முழுவதும் ஒரு மணி நேரப் பயணம். காலையில் குளித்துக் கிளம்பினால் இட்லி ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். ஒரு மணி நேரம் ஓட்டம், மீதி இருபத்தாறு ஆண்டும் தவம். விசுவாமித்திரரால்கூட இந்த விகிதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நடுவில் மேனகை வந்துவிட்டாள்.

இதன் உடன்பிறப்புகளைப் பாருங்கள், எவ்வளவு அடங்காதவை. அதே 1995-இல், பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்துக்கு எஃப்1-ஐக் கொஞ்சம் மாற்றி அனுப்பினார்கள். பந்தயத்துக்கென்று பிறக்காத கார், பெரும்பாலான நேரம் மழை. முதலிடம் பிடித்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடங்களும் எஃப்1-களுக்கே. வென்ற கார் ஒரே நாளில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தள்ளியது. பண்புள்ள கார் அந்தத் தூரத்தைக் கடக்க, 029-இன் கணக்குப்படி, இருநூற்று எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து ஒரு பொறுப்பில்லாத மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர்தான்: மிஸ்டர் பீன். சின்னப் பச்சைக் காருக்குப் பூட்டுப் போட்டு நம்மைச் சிரிக்க வைத்த ரோவன் அட்கின்சன், 1997-இல் ஆறு லட்சம் பவுண்டு அளவில் கொடுத்து ஓர் எஃப்1 வாங்கினார். வாங்கிய மனிதர் செய்த காரியம் என்ன? ஓட்டினார். மழையிலும் ஓட்டினார், வெயிலிலும் ஓட்டினார். 1999-இல் முன்னால் போன காரின் பின்புறத்தில் முட்டினார். 2011-இல் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் வழுக்கிப் போய் மரத்திலும் வழிகாட்டிப் பலகையிலும் மோதினார், தோளில் அடி. காரைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தது 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. பிரிட்டனில் ஒரு காருக்கு அதுவரை அப்படிக் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? பட்டறையிலிருந்து வந்த காரை மறுபடி ஓட்டினார். 41,000 மைல், அதாவது 66,000 கிலோமீட்டர் தேய்த்துவிட்டு 2015-இல் விற்றார். கிடைத்தது 80 லட்சம் பவுண்டு என்று செய்தி.

பரிதாபம். ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவருக்குத் தேறியது சுமார் 121 பவுண்டு. 029-க்குக் கிலோமீட்டருக்கு 52,500 டாலர். சினிமாக்காரர்களுக்குக் கணக்குத் தெரியாது என்பது உண்மைதான். பதினெட்டு ஆண்டு ஆசைதீர ஓட்டி, இரண்டு முறை முட்டி, கடைசியில் வாங்கிய விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவருக்கு நஷ்டம் எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் புரியும்.

இதையெல்லாம் படிக்கும்போது அவ்வையார் நினைவுக்கு வராமல் போகாது. அதியமானின் தூதராகப் போன அவ்வைக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். அவன் வேல்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் மினுங்குகின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவ்வை சொன்னதாகப் புறநானூறு வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு என்று நடத்துவார்கள். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு இப்போது அது நேரான புகழ்ச்சியாகவே படுகிறது. அவ்வைக்கு ஏல நிலவரம் அத்துப்படி. நுனி முறிந்த வேலை யார் கேட்பார்கள்? பீலி கலையாத வேல், முதல் நெய் அப்படியே, ஒரே கைமாறியது, போர்க்களம் பார்க்காதது என்றால் பெபிள் பீச்சில் கை உயர்ந்துகொண்டே போயிருக்கும். தொண்டைமான் காலத்தை முந்திப் பிறந்துவிட்டான்.

ஓட்டாமல் வைத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. சும்மா இருப்பது சித்தர்களுக்கே எளிதில் வாய்க்காத நிலை. காருக்கு இன்னும் கஷ்டம். நின்ற இடத்திலேயே டயர் தரையோடு அழுந்தித் தட்டையாகும். ரப்பர் இறுகி வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். எண்ணெய் ஓடாத சீல்கள் காய்ந்துபோய், என்றைக்காவது கிளப்பும்போது ஒழுகும். பேட்டரி சாகும். எலி வந்து குடியிருக்கும். இத்தனையும் நடக்காமல் இருக்க ஈரப்பதம் அளந்து காற்றடிக்கும் அறை, பேட்டரிக்கு விடாமல் சொட்டுச் சொட்டாக மின்சாரம், கார் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் கூடாரம் என்று ஐசியூவில் வைப்பதைப் போல வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு ஒரே நோய், நடக்கவிடாததுதான் என்று எந்த டாக்டரும் அங்கே வாய் திறப்பதில்லை. அவருக்கும் மாதச் சம்பளம் வருகிறது.

எஃப்1-க்கு இதில் இன்னொரு விசேஷம். அதன் பெட்ரோல் டாங்க் ரப்பர் பை போன்றது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலண்டர்தான் கணக்கு. ஆக, இந்த விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கும் உத்தமரின் எஞ்சின் சாலையில் ஓடாவிட்டாலும் பட்டறையில் ஏறி இறங்கி நல்ல தேகப்பயிற்சி செய்திருக்கும்.

எங்கள் பாட்டி இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரம் போதாதவர். கல்யாணக் காஞ்சிப் பட்டை வருடத்துக்கு இரண்டு முறையாவது பீரோவிலிருந்து எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைப்பார். மாற்றாவிட்டால் மடித்த கோட்டிலேயே ஜரிகை முறிந்து புடவை கிழியும் என்பார். அதோடு நிற்காமல், எப்படியும் எடுத்தாயிற்று என்று உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் போய்விடுவார். அந்தப் புடவையில் குங்குமக் கறை இருந்தது, நெய்க் கறை இருந்தது. ஏலத்தில் ஒரு பைசா பெறாது.

பெபிள் பீச்சிலும் பாட்டியின் கட்சிக்காரர்கள் சிலர் புகுந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பழங்கார் அழகுப் போட்டி நடக்கும். அதற்கு முன்னால் வியாழக்கிழமை, போட்டிக்கு வந்த கார்களைக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகும் ஒரு சுற்றுப்பயணத்தை 1998-இல் ஆரம்பித்துவிட்டார்கள். போட்டியில் இரண்டு கார் சமமாக வந்தால், வியாழக்கிழமை ஓடி முடித்த காருக்கே பரிசாம். ட்ரெய்லரில் ஏறி, ட்ரெய்லரில் இறங்கி, டயரில் புல் நுனிகூட ஒட்டாமல் வந்து நிற்கும் ட்ரெய்லர் ராணிகளுக்கு இதைவிட அவமானம் உண்டா? இங்கிலாந்தில் நிக் மேசன் என்றொரு டிரம்மர், பிங்க் ஃபிளாய்ட் குழுக்காரர், உலகத்தில் மொத்தமே முப்பத்தாறு செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்றை வைத்துக்கொண்டு பந்தயத்தில் விடுகிறார். அதே வகையில் ஒன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது தெரிந்தும்.

இந்த வரிசையில் மூத்த குற்றவாளி ருடால்ஃப் ஊலன்ஹவுட். மெர்சிடஸ் கம்பெனியின் பொறியாளர். 1955-இல் 300 எஸ்எல்ஆர் பந்தயக் காருக்குக் கூரை போட்டு இரண்டே இரண்டு கூபே செய்தார்கள். அந்த ஆண்டு லெ மானில் எண்பது பேருக்கு மேல் இறந்த கோர விபத்து. ஆண்டு முடிவில் மெர்சிடஸ் பந்தயத்தை விட்டது. கூபேக்கள் பந்தயத்துக்கே போகவில்லை. அப்போதாவது துணி போட்டு மூடியிருக்கலாம். இவர் ஒன்றை எடுத்து ஆபீஸ் காராக ஓட்டிக்கொண்டு திரிந்தார். அதுவும் அந்தக் காலத்தில் சாலையில் ஓடியவற்றிலேயே அதிவேகமான கார். அந்தக் கதையாலேயே அவர் பெயர் காரோடு ஒட்டிக்கொண்டது. 2022 மே மாதம் அந்த இரண்டில் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. உலகத்தில் எந்தக் காரும் அந்த விலைக்குப் போனதில்லை. ஊலன்ஹவுட் மட்டும் அப்படி ஓட்டித் தொலைக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நம் உத்தமர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஓட்டாததற்கு ஒரு நியாயமான காரணம் சொல்வார்கள், அதை மறைப்பது நாணயமாகாது. கைபடாத கார் ஒன்று எங்காவது இருந்தால்தான், நாளைக்குப் பழுதுபார்ப்பவர் எந்த போல்ட்டுக்கு என்ன பூச்சு, எந்தத் தையல் எந்தப் பக்கம் என்று பார்த்துச் செய்ய முடியும். உண்மை. அதற்கு ஒரு கார் போதும். மியூசியத்தில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாம். ஆனால் உத்தமர்கள் மியூசியத்தை நம்புவதில்லை. ஆளுக்கொன்றாக, பூட்டிய கொட்டகையில், ஒருவரும் பார்க்க முடியாதபடி உலகத்துக்காகப் பாதுகாக்கிறார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்பது தானத்துக்குச் சொன்னது. இவர்கள் அதையும் தாண்டி, வாங்குகிறவனுக்கே தெரியாமல் கொடுக்கிறார்கள்.

029-ஐ அடுத்து யார் வாங்கினாலும் அவருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். கூடாரத்தை வேண்டுமானால் மாற்றுங்கள், பேட்டரியை மாற்றுங்கள், கொட்டகைக்கு இன்னொரு பூட்டுப் போடுங்கள். அந்தப் பழைய குட்இயர் டயர்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள் ஐயா. புது டயர் போட்டால் ஓட்டிப் பார்க்கத் தோன்றும்.