உங்கள் அதிகார வரம்புக்கு வெளியிலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்:
டெக்சாஸ் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன் (அது சுடும் நாட்களில்)

பெறுநர்:
தலைவர் அவர்கள், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், பெத்தெஸ்டா, மேரிலாண்ட்

பொருள்: மலிவுவிலை நகல் கார்பைன் நடுநடுவே மக்கர் செய்வது – அதை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லாதது – தொடர்பாக.

பார்வை: 1972-ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் அதற்குச் செய்த திருத்தமும்.

ஐயா / அம்மையீர்,

இந்தக் கடிதத்தைப் பிரித்த கையோடு மூடி வைத்துவிடத் தங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு எந்த வாசலில் போய் நிற்பது? கார் பழுது என்றால் அதற்கொரு துறை இருக்கிறது. மாத்திரை சரியில்லை என்றால் இன்னொரு துறை. விமானத்தில் திருகாணி கழன்றால் அதற்கும் ஆள் உண்டு. மிச்சமிருக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் அத்தனைக்கும் காவல்தெய்வம் தாங்கள். புல்வெளியில் எறிந்து விளையாடும் குட்டி ஈட்டிகளை 1988-இல் தடை செய்தீர்கள். பக்கத் தடுப்பு ஏறி இறங்கும் தொட்டில்களை 2011-இல் கடைகளிலிருந்தே விரட்டினீர்கள். கரடி பொம்மையின் கண் கையோடு பிய்ந்து வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பதற்குக்கூட விதிமுறை வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு கரிசனம் உள்ளவர்களிடம் என் குறையைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் வாங்கியது எம்பி5 துப்பாக்கியின் நகல். அசலை 1960-களில் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உருவாக்கியது. 1980 மே மாதம் லண்டனில் ஈரான் தூதரகத்தைப் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் மீட்டபோது அவர்கள் கையில் இருந்து உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் தேசியப் பாதுகாப்புப் படையினரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொதுமக்களுக்கு என்று அசல் கம்பெனி விற்கும் வடிவம் 3,000 டாலரைத் தொடும். நான் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. கைத்துப்பாக்கியில் போடும் அதே 9 மில்லிமீட்டர் தோட்டா, தோளில் ஊன்றிச் சுடக் கட்டை, 16 அங்குலக் குழல். குழல் 16 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பத்து வருடம் வரை உள்ளே போகலாம். ஆக, குழலின் நீளத்தை அளக்க அரசாங்கத்தில் ஆள் இருக்கிறது. அதன் வழியே தோட்டா ஒழுங்காகப் போய் வருகிறதா என்று பார்க்கத்தான் நாதியில்லை.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் மேகசின் பாதி தாண்டவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்காமல், பக்கவாட்டு வாயில் செங்குத்தாக நின்றுகொண்டது. பின்னாலிருந்து போல்ட் அதை நசுக்கிப் பிடித்திருந்தது. இங்கே இதற்கு ஸ்டவ்பைப் என்று செல்லப் பெயர். குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி மேகசினை உருவி, கைப்பிடியைப் பின்னால் இழுத்து மாட்டி, கூட்டை எடுத்துப் பார்த்தேன். பித்தளையின் உடம்பெல்லாம் கரிக்கோடுகள். அது குறையில்லை, இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையில் நீளவாக்கில் வரிப்பள்ளம் வெட்டியிருப்பதால் அசலிலும் அப்படித்தான் கோடு விழும். கூட்டின் வாய் நசுங்கிக் கோணியிருந்ததுதான் குறை. அடுத்த மேகசினில் தோட்டா அறைக்குள் ஏறாமல் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அதற்கடுத்ததில் மறுபடி ஸ்டவ்பைப்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். கடிதத்தில் பெயர் எழுதவில்லை. எழுதினாலும் தாங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை. எடுத்தவர் மிகவும் பணிவாக, “இதுவரை எத்தனை தோட்டா சுட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “அடடா, 500 ஆகட்டும் சார், பிரேக்-இன் முடியட்டும்” என்றார்.

எங்கள் ஊரில் புது கிரைண்டர் வாங்கினால் முதல் ஈடு மாவை அரைத்துக் கொட்டிவிடுவார்கள், கல்தூள் போகட்டும் என்று. அது ஒரு ஈடு. இங்கே 500 தோட்டாவைக் கொட்டச் சொல்கிறார்கள். தோட்டா ஒன்றுக்குச் சுமார் 25 சென்ட் என்று வைத்தாலும் 125 டாலர் ஆகிறது. உரசும் பாகங்களைத் தேய்த்துப் பதப்படுத்தி, சுட்டுப் பார்த்து, தேறாததை ஒதுக்கி வைக்கத் தொழிற்சாலையில் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை நான் சனிக்கிழமைதோறும், ரேஞ்ச் கட்டணமும் கட்டி, காதில் பஞ்சும் வைத்துக்கொண்டு இலவசமாகச் செய்கிறேன். நகல் எப்படி மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இதில் புண்ணியமும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தியாளர் கட்டி என் தலையில் ஏற்றும் 11 சதவீத வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. என் கார்பைன் ஒவ்வொரு தடவை சிக்கும்போதும் மான்களுக்கும் காட்டு வான்கோழிகளுக்கும் கொஞ்சம் நல்லது நடக்கிறது. எனக்கு ஒன்றும் நடக்காததற்கும் இதே வரிதான் காரணம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எந்தெந்தப் பொருளுக்கு இந்த வரி உண்டோ, அவை எல்லாம் தங்கள் சட்டத்தின் கண்ணில் ‘நுகர்பொருள்’ ஆகாதாமே! 1972-இல் அப்படித்தான் வரையறுத்திருக்கிறார்கள். வரி கட்டியவனுக்குக் குறை கேட்க ஆள் இல்லை என்பதை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்த சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரேஞ்சில் இருக்கும் சக உரிமையாளர்களிடம் முறையிட்டேன். அங்கே துப்பாக்கியைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல் கோபம் வருகிறது. முதலில் தோட்டாவைக் குற்றம் சொன்னார்கள்: 115 கிரெய்ன் எடைக் குண்டு ஆகாது, 124-க்கு மாறு. மாறினேன். அடுத்தது மேகசின்: அசல் ஜெர்மன் மேகசின் வாங்கு. அசலிலேயே முதலில் நேர்மேகசின்தான் இருந்தது, தோட்டா சரியாக ஏறட்டும் என்று 1977-இல் வளைத்தார்கள் என்ற சரித்திரப் பாடமும் கிடைத்தது. நகலின் விலையில் கணிசமான பங்கை அந்த வளைந்த தகரங்களுக்குக் கொடுத்தேன். பிறகு எண்ணெய் போதவில்லை என்றார்கள். போட்டதும் எண்ணெய் அதிகம் என்றார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து என் தோளைப் பார்த்தார்கள். நான் பிடிக்கும் பிடி சரியில்லையாம். மனிதத் தோளின் தரத்தைத் தாங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா என்று தெரியவில்லை. அப்படியானால் என்மேல் ஒரு வழக்குப் போடலாம்.

ஒரு பெரியவர் மட்டும் ஃபீலர் கேஜைக் கொண்டுவந்தார். ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்க மெக்கானிக் வைத்திருப்பாரே, அதே மெல்லிய தகடுகள். இந்தத் துப்பாக்கியில் போல்ட் முகப்பின் இருபக்கமும் இரண்டு சிறிய எஃகு உருளைகள் உண்டு. வெடிக்கும் கணத்தில் அவை பக்கத்துக் குழிகளில் முட்டிக்கொண்டு போல்ட் பின்னால் பாய்வதைச் சற்றே தாமதப்படுத்துகின்றன. அதற்குள் குழலில் அழுத்தம் இறங்கிவிடும். உருளைகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று தெரிய, போல்ட் முகப்புக்கும் அதைச் சுமக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 0.10 முதல் 0.50 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என்னுடையதில் மிக மெல்லிய தகடுகூட நுழைய மறுத்தது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். “பெரிய உருளை மாற்றணும். இதைப் பெட்டியில் போடும் முன்பே அவர்கள் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

அவர் மடியில் இருந்ததும் அதே மாடல் நகல்தான். கதறக் கதறச் சுட்டாலும் சிக்காது. எல்லா நகலும் மோசம் என்று நான் சொல்லவில்லை. துருக்கியிலும் பாகிஸ்தானிலும் ஜெர்மன் உரிமம் பெற்ற ஆயுதத் தொழிற்சாலைகளே இதைச் செய்து பழகியவை. ஒரே பெயர், ஒரே விலை, ஒன்று தங்கம், ஒன்று தகரம். எது யார் கையில் வரும் என்பதுதான் லாட்டரி.

வாரண்டியில் அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்த சீட்டில் ஒரே வரி: “சோதித்தோம், வரையறைக்குள் உள்ளது.” யாருடைய வரையறை என்று எழுதவில்லை.

வெறும் பிளாஸ்டிக் உருண்டை சுடும் பொம்மை நகலை வாங்கியிருந்தால் நான் தங்கள் பிள்ளை. அதன் வாயில் ஆரஞ்சு நிறம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போது தங்கள் பொறுப்புதான். துப்பாக்கிகளுக்கு இலவசமாக வழங்கிய பூட்டுகள் சாவி இல்லாமலே திறந்துகொள்கின்றன என்று 2001-இல் சுமார் 4 லட்சம் பூட்டுகளைத் திரும்பப் பெறவைத்தீர்கள். 2023-இல் துப்பாக்கி வைக்கும் கைரேகைப் பெட்டகங்களைத் திரும்பப் பெறவைத்தீர்கள். பெட்டகம் உங்களுடையது, பூட்டு உங்களுடையது, பொம்மை உங்களுடையது. நடுவில் இருக்கும் அந்த ஒரு பொருள் மட்டும் அனாதை.

தங்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1970-களின் நடுவில் சிகாகோவிலிருந்து ஒரு குழு கைத்துப்பாக்கித் தோட்டாவை அபாயப் பொருள் என்று தடை செய்யச் சொல்லி மனுப் போட்டது. எங்கள் வரம்பில் இல்லை என்று தாங்களே கையை விரித்தீர்கள். நீதிமன்றம் பரிசீலிக்கச் சொன்னது. உடனே 1976-இல் அமெரிக்க காங்கிரஸ், துப்பாக்கி-தோட்டா பக்கமே இவர்கள் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. தடை கேட்டவர்களைத் தடுக்கப் போட்ட வேலி, பழுதைக் கேட்க வந்தவனுக்கும் சேர்த்துக் கட்டியாயிற்று. நீதிமன்றம் போகலாம் என்பார்கள். போகலாம்தான். ஸ்டவ்பைப்புக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் அசல் ஜெர்மன் துப்பாக்கியே இரண்டு வாங்கிவிடலாம்.

ஆகவே தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதை மட்டும் முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். துப்பாக்கி வந்த பெட்டிக்குள் கம்பிப் பூட்டு ஒன்றும் இருந்தது. தங்கள் மேற்பார்வையில் வருவது அது ஒன்றுதான் என்பதால் பலமுறை பூட்டித் திறந்து பார்த்தேன். எந்த எண்ணெயும் போடவில்லை, எப்படிப் பிடித்தாலும் திறக்கிறது, ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. புகார் ஏதுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள, நுகர்வோர் அல்லாத ஒருவன்