கருப்பசாமியும் கலிபோர்னியா ஒயினும்

ஒயின் செய்வதென்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், கழுவுவது என்றுதான் சொல்வேன். திராட்சை வருவதற்கு முன் கழுவ வேண்டும், வந்து நசுக்கியபின் கழுவ வேண்டும், பீப்பாயில் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும். தொட்டி, பம்பு, குழாய், வாளி, புனல், தரை. நடுவில் கொஞ்சம் நேரம் கிடைத்தால் ஒயினும் செய்யலாம்.

இதே கேள்வியை என் கணவரிடம் கேட்டால் 1976-இல் ஆரம்பிப்பார். அந்த வருடம் பாரிஸில் லேபிளை மறைத்து நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தது, ஜெயித்த ஒயின்களின் பாட்டில்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது எல்லாவற்றையும், தானே அன்றைக்கு நடுவராக இருந்த தோரணையில் சொல்வார். அவர் முடிப்பதற்குள் நான் இரண்டு வாளி கழுவியிருப்பேன். எங்கள் கூட்டுத் தொழிலில் வேலைப் பங்கீடு இதுதான்.

முதலில் வீட்டுக் கராஜில்தான் செய்தோம். அமெரிக்கச் சட்டப்படி, வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் வருடத்துக்கு 100 காலன் ஒயின் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம். இரண்டு பேர் இருந்தால் 200 காலன், அதாவது சுமார் 1000 பாட்டில். புகுந்த வீட்டில் என்னை முழுதாக ஓர் ஆளாக எண்ணிய முதல் சட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் அதில் ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. விற்பதென்றால் உரிமம், வரி, லேபிள் ஒப்புதல் என்று ஊர்வலமே வரும். சொந்தமாக ஒயினரி கட்ட வசதியில்லாதவர்களுக்கு ‘கஸ்டம் கிரஷ்’ என்றொரு ஏற்பாடு உண்டு. கல்யாண மண்டபம் பிடிப்பது போலத்தான்: இடமும் பாத்திரமும் அவர்களுடையது, சரக்கும் தலைவலியும் நம்முடையது.

அப்படி ஓர் இடத்தைப் பிடித்து, கலிபோர்னியாவின் லோடையில் ஜின்ஃபண்டல் திராட்சை ஒரு டன் வாங்கினோம். அமெரிக்க டன் 907 கிலோதான். எழுநூறு பாட்டில் சொச்சம் தேறும். இந்தத் திராட்சையைக் கலிபோர்னியாக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தங்கள் சொந்தப் பிள்ளையாகக் கொண்டாடி வந்தார்கள். 2001-இல் டி.என்.ஏ. பரிசோதனை வந்து, இதன் பூர்வீகம் குரோஷியா என்று போட்டு உடைத்தது. இதுவும் குடியேறி வந்ததுதான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அதனிடம் ஓர் ஒட்டுதல். அதற்குக் கிரீன் கார்டுக் கவலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜின்ஃபண்டல் குலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு காய் பச்சையாக நிற்கும், பக்கத்துப் பழம் கனிந்திருக்கும், அதற்கடுத்தது வற்றிச் சுருங்கி உலர்திராட்சையே ஆகியிருக்கும். நசுக்கிய அன்று சர்க்கரை 24 பிரிக்ஸ் காட்டியது. வற்றிய பழங்கள் சாற்றில் ஊறி, ஒளித்து வைத்திருந்த சர்க்கரையை விட்டதும் 26-க்கு ஏறியது. பிரிக்ஸை 0.6-ஆல் பெருக்கினால் தோராயமாக ஆல்கஹால் சதவீதம் வரும். ‘மெல்லிய, நளினமான ஒயின்’ என்று கணவர் போட்டிருந்த திட்டம் பதினைந்தரையில் போய் நின்றது.

நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே எழும்பிக் கெட்டியாகக் கவிந்துகொள்ளும். தினமும் இரண்டு மூன்று தடவை, நுனியில் தட்டு பொருத்திய கம்பால் அதைக் கீழே அமுக்க வேண்டும். விட்டால் காய்ந்து வினிகர் வாடை அடிக்கும். முதலில் கம்பு இறங்கவே இறங்காது. முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினால் திடீரென்று பொத்தென உள்ளே போகும், இளஞ்சிவப்பு நுரை சீறிக்கொண்டு வரும். ஆசையாகக் குனிந்து முகர்ந்தால் கரியமில வாயு ஆளையே சாய்த்துவிடும்.

பெயர் வைக்கும் கட்டத்தில்தான் மொத்தக் குடும்பமும் தொழிலில் பங்கெடுத்தது. எங்கள் பக்கத்தில் லாரி வாங்கினாலும் மாவு மில் வைத்தாலும் குலதெய்வத்தின் பெயர்தான். கணவர் வீட்டுக் குலதெய்வம் மதுரைப் பக்கத்துக் கருப்பசாமி. நான் தயங்கித் தயங்கி மாமியாரிடம் போனில் பேச்சை எடுத்தேன்.

“அத்தை, இது குடிக்கிற சமாச்சாரம். சாமி பேரு...”

“ஏம்மா, கருப்பன் என்ன பாலும் பழமுமா சாப்பிடுறாரு? வருசா வருசம் சாராயமும் சுருட்டும் நாமதானே படைக்கிறோம்? பெருமாள் பேரை வச்சாத்தான் தப்பு.”

யோசித்துப் பார்த்தேன். மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

லேபிளில் குதிரை, மீசை, அரிவாள் எல்லாம் அம்சமாக வந்தன. ஆனால் 1989 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு மது பாட்டிலிலும் அரசாங்க எச்சரிக்கை கட்டாயம்: கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது, குடித்தால் வண்டி ஓட்டும் திறன் குறையும், உடம்புக்கும் கேடு வரலாம். நம் பாட்டில் அளவுக்கு எழுத்து 2 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது. டிசைன் செய்த பையன் அந்த வாசகத்தைக் கருப்பசாமியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். சாமியே அருள்வந்து கர்ப்பிணிகளைக் கண்டிப்பது போல இருந்தது. குதிரையில் போகிறவர் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை என்று சொல்லி வாசகத்தைப் பின்பக்கத்துக்கு அனுப்பினேன்.

விற்பனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்களுக்குத் தெரிந்த தமிழர்களில் இரண்டே கட்சி: சிங்கிள் மால்ட் கட்சி, தொடவே தொடாத கட்சி. ருசி பார்க்க வருகிறவர்கள் மூன்றாவது கிளாஸையும் முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, கடையில பத்து டாலருக்கே கிடைக்குதே” என்பார்கள். புது பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்றே ஆயிரம் டாலருக்கு மேல் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. கிரகப்பிரவேசங்களுக்கு நாங்களே பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தோம். அதில் ஒரு பாட்டில் வீடு வீடாகச் சுற்றி, தீபாவளிக்கு ஜிகினாப் பையில் எங்கள் வீட்டுக்கே வந்தது. “சின்ன ஒயினரி, வெளியில கிடைக்காது” என்று சொல்லிக் கொடுத்தார் கொண்டுவந்தவர். அவ்வளவு நம்பிக்கையாக நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அவரையே விற்பனைக்கு வைத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

மாமியார் போட்ட ஒரே நிபந்தனை, முதல் பாட்டில் சாமிக்கு. இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். இரண்டு பாட்டிலைக் கணவரின் ஜீன்ஸ் கால்களுக்குள் சொருகி எடுத்துப்போனோம். பூசாரி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மீசை நன்றாக வந்திருக்கிறது என்றார். கணவர் கார்க்கைத் திருகி எடுத்துவிட்டு, அரை மணி நேரம் காற்றாட வைத்தால் வாசனை இன்னும் கூடும் என்று விளக்கத் தொடங்கினார்.

பூசாரி கேட்டது ஒன்றே ஒன்று. “தம்பி, இது எத்தனை பர்சென்ட்டு?”

“பதினஞ்சரை.”

நம் ஊர் பிராந்தியில் 42.8. பூசாரி கொஞ்ச நேரம் சாமியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி, படைச்சிருவோம். ஆனா வழக்கமா வைக்கிற குவாட்டரையும் பக்கத்துல வச்சிருங்க. அவரு பழகுனவரு.”