ஏ-1: பச்சை உடம்புக்காரி

பிரசவமாகிப் பதினைந்து நாள்கூட ஆகாத ஒருத்தி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துச் சேலையில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறாள் என்று வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்து அவளைத் தூக்கிவிடுகிறார்கள். பிள்ளை போய்விடுகிறது.

அவள் சாகப் போனதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கண்ணீர் விடுகிறது. பாவம், கடுமையான மன உளைச்சலில் இருந்திருப்பாள் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. சரி, பிள்ளை செத்ததற்கு? கொலை. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 103. தூக்கு அல்லது ஆயுள், அதற்குக் கீழே படி கிடையாது.

ஒரே கிணறு, ஒரே குதி. தன் உயிரைப் பொறுத்தவரை அவளுக்குச் சித்தம் கலங்கியிருந்தது; பிள்ளை விஷயத்தில் மட்டும் தெளிவாக இருந்தது. மூளையை இத்தனை துல்லியமாக இரண்டாகப் பிளக்கத் தெரிந்த சட்டத்துக்கு ஒரு மருத்துவப் பட்டம் கொடுத்தால் தகும்.

புத்தி சுவாதீனமில்லை என்று வாதாடலாமே என்பார் வக்கீல். வாதாடலாம். செய்வது இன்னதென்றோ, தப்பென்றோ அறியாத நிலையில் இருந்ததை அவள்தான் நிரூபிக்க வேண்டும். முழுப் பைத்தியத்துக்கு விடுதலை, முக்கால் பைத்தியத்துக்கு ஆயுள்.

இந்தத் தண்டனைச் சட்டத்தை 1860-இல் நம் தலையில் கட்டியவன் வெள்ளைக்காரன். அவனே தன் ஊரில் 1922-இல் சிசுக்கொலைக்குத் தனிச் சட்டம் போட்டு, 1938-இல் திருத்தியும் எழுதினான். பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மீளாமல் மனம் குலைந்த தாய், ஒரு வயதுக்குட்பட்ட தன் பிள்ளையைக் கொன்றால் அது கொலைக் குற்றமாகாது. (அந்தச் சட்டம் தாய்ப்பால் சுரப்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது. வறுமையையோ, விட்டுவிட்டு ஓடியவனையோ சேர்க்கவில்லை.) நாமோ 2024 ஜூலையில் அந்த 1860-ஐப் பாரதிய நியாய சன்ஹிதா ஆக்கி, காலனிய நாற்றத்தைக் கழுவிவிட்டதாகத் தப்பட்டை அடித்தோம். 302-ஐ 103 ஆக்கினோம். 318-ஐ 94 ஆக்கினோம். அடிமைத்தனம் ஒழிந்தது, எண்ணோடு.

அந்த 94 என்ன என்கிறீர்களா? பிள்ளை பிறந்ததை மறைக்க உடலை இரகசியமாகப் புதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்த இரண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே சில வழக்குகளில் நிற்பது ஒரு பாத்திரம் தண்ணீர். பிணக்கூறாய்வில் சிசுவின் நுரையீரலை அதில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் மூச்சுவிட்ட பிள்ளை, கொலை வழக்குக்கு வழி பிறந்தது. மூழ்கினால் மூச்சே விடாத பிள்ளை. அழுகிய நுரையீரலும் மிதக்கும் என்று பாடப்புத்தகமே எச்சரிக்கிறது. ஆனாலும் பாத்திரம் இன்னும் கவிழவில்லை.

உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் ஊற்றியதற்கும் சித்தக் கலக்கம் என்று சலுகை கேட்பீரா என்று என்னைக் கேட்கலாம். மாட்டேன். அது சீர்வரிசைக் கணக்குப் போட்டு, தெளிந்த புத்தியோடு வீட்டுக் கூடத்தில் எடுத்த முடிவு. கூடத்தில் மாமியார் இருந்தார், மாமனார் இருந்தார், புருஷன் இருந்தான். 1992-இல் அரசு தொட்டில் வைத்தது, வேண்டாத பெண் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லி. வரதட்சிணை கேட்டவனைக் கொண்டுபோய்ப் போட ஒரு தொட்டிலும் வைக்கவில்லை. கூடமே சேர்ந்து தீர்மானித்தாலும், ஸ்டேஷன் படியேற முதலில் அகப்படுவது ரத்தம் நிற்காத பச்சை உடம்புக்காரிதான்.

ஆணை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அபாண்டம். முதல் தகவல் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள், எதிரியின் பெயருக்கு ஒட்டினாற்போலவே இருக்கிறான்: க/பெ இன்னார். அவள் எந்தப் பெண் என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு. கல்யாணமாகாதவளாக இருந்தால் அந்த இடத்தில் த/பெ போட்டு அவளைப் பெற்றவன் பெயரை எழுதிக்கொள்வார்கள். செத்த பிள்ளையைப் பெற்றவன் எவன் என்று தேடி எந்த ஏட்டையா பைக்கை உதைத்தார்?