என்ன டைப் பண்ணீங்க சார்?

"தம்பி, பாரியில ஒரு பெரிய பக் பிடிச்சிருக்கேன்." எங்கள் துறை சாரின் குரலில் கவலை துளியும் இருக்காது. பூரிப்புதான். எண்கோட்பாட்டுக் கணக்குகளுக்கென்றே பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்து, பல பத்தாண்டுகளாக உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால் பூரிப்பு வராதா?

"என்ன டைப் பண்ணீங்க சார்?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் வாங்கியவர் யாரும் இல்லை. எந்தத் தேற்றத்தை நிரூபிக்கப் போகிறார், இருபடிப் புலங்களின் வகுப்பெண்ணுக்கும் அதற்கும் என்ன உறவு, நடுவில் பெர்னூலி எண்கள் எப்படி வந்து சேர்ந்தன, தன் கைடு இதையெல்லாம் காகிதத்திலேயே எப்படிப் போட்டுத் தள்ளினார், எல்லாம் வரும். டைப் செய்த அந்த ஒரு வரி மட்டும் வராது.

"அதெல்லாம் கரெக்டாத்தான் தம்பி போட்டேன்."

"கரெக்டா என்ன போட்டீங்க?"

"கரெக்டா."

மன்றாடினால் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வரும். ஸ்கிரீன்ஷாட் அல்ல, திரையை ஃபோனால் எடுத்த படம். சாய்ந்திருக்கும். நடுத்திரையில் டியூப்லைட் பளபளக்கும், அதற்குக் கீழே சாரின் சட்டைப்பையும் இரண்டு பேனாவும் தெரியும். ஸ்டாக் நிரம்பிவிட்டது என்று பாரி சொல்லியிருப்பதை ஒருவாறு படித்துவிடலாம். பாரி தொடக்கத்தில் தனக்கென்று எடுத்துக்கொள்வது 80 லட்சம் பைட் நினைவகம்தான். போதவில்லையென்றால் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று அதே பிழைச் செய்தியின் கீழே அதுவே குறிப்பும் எழுதியிருக்கும். சாரின் படம் அந்தக் குறிப்புக்குச் சரியாக ஒரு வரி முன்னால் முடிந்துவிடும்.

எந்த வெர்ஷன் என்றால், "லேட்டஸ்ட்". எப்போது போட்டது என்றால், "பழைய மெஷின்லேர்ந்து பையன் காப்பி பண்ணிக் குடுத்தான்."

ஒரு நாள் ஸேஜ் என்ற இன்னொரு கணித மென்பொருள் செத்துவிட்டது என்றார். 2-இன் 10-ஆம் அடுக்கு 8 என்று விடை தருகிறதாம். "1024 தெரியாத சாஃப்ட்வேரை வச்சிக்கிட்டு நான் எல்-ஃபங்ஷன் போடணுமா?" இதற்கும் அதே கேள்வி, அதே "கரெக்டா". மாலை வரை ஸேஜ் உருவாக்கியவர்களின் கல்வித் தகுதி அலசப்பட்டது. கடைசியில் நேரில் போய்ப் பார்த்தால், ஃபைல் பெயரின் வாலில் 'ஸேஜ்' இருக்க வேண்டிய இடத்தில் 'பை' இருந்தது, அதாவது பைத்தான் மொழியின் ஃபைல். ஸேஜ் தன் ஃபைல்களில் தொப்பிக் குறியை (^) அடுக்காகப் படிக்கும். பைத்தானுக்கோ அதே குறி, இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு வேறுபடும் இடத்தில் 1 போடும் செயல். 2-க்கும் 10-க்கும் அப்படிப் போட்டால் 8 வரும்; வந்தது. சொன்னேன். "அப்போ பைத்தான்ல பக்" என்றார்.

தாமஸ் நைஸ்லிதான் சாருக்குக் குலதெய்வம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர். 1994 ஜூனில் கூட்டல் உதைத்தது. தேடிப் போனால், இன்டெல் பென்டியம் சில்லே வகுத்தலில் தப்புச் செய்கிறது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. சார் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்.

மீதிக் கதை அவருக்குப் பிடிக்காது. ஜூனில் கண்டதை நைஸ்லி அக்டோபர் கடைசியில்தான் வெளியே சொன்னார். நடுவில் தன் நிரலைச் சந்தேகித்தார், கம்பைலரைச் சந்தேகித்தார், மதர்போர்டைச் சந்தேகித்தார், வேறு கணினிகளில் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் எழுதிய கடிதத்தில், 824633702441-ஐ அதன் தலைகீழியால் பெருக்கிப் பாருங்கள், 1 வர வேண்டும், பென்டியத்தில் வராது என்று சொல்லியிருந்தார். அதாவது, என்ன டைப் பண்ண வேண்டும் என்று எழுதியிருந்தார்.

உண்மையான பக் இல்லாமல் இல்லை. ஸ்பெயின் நாட்டுக் கணிதர்கள் மூவர், பெரிய முழு எண்கள் கொண்ட அணிக்கோவையை மேத்தமேட்டிகா மென்பொருள் தப்பாகப் போடுகிறது, ஒரே கணக்குக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விடை தருகிறது என்று 2014-இல் அமெரிக்கக் கணிதக் கழக இதழில் எழுதினார்கள். எந்தக் கட்டளையைக் கொடுத்தார்கள் என்பதும் கட்டுரையிலேயே இருக்கிறது.

சார் பிடிக்கும் பக்குகள் அவர் அறையோடு நின்றால் கூடப் பரவாயில்லை. பக் பிடித்த சேதி கேன்டீன் வரைக்கும் போகிறது, ஃபைலின் வால் மாறியிருந்த சேதி சாரின் அறையைத் தாண்டுவதில்லை. போன டாக்டரல் கமிட்டியில் ஒரு மாணவி வகுப்பெண் அட்டவணையோடு வந்து நின்றாள், எல்லாம் பாரியில் போட்டது. அங்கே கேட்க வேண்டிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. பாரியின் பிஎன்எஃப்இனிட் கட்டளை தரும் விடை, இன்னும் நிரூபிக்கப்படாத பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோளை நம்பி வருவது. அந்தக் கடனை அடைக்க பிஎன்எஃப்சர்ட்டிஃபை என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினாயா? ஓட்டியிருந்தாள். ஆய்வேட்டில் எழுதியும் இருந்தாள். சார் அதைக் கேட்கவில்லை.

"பாரியில பக் இருக்கேம்மா, எப்படி நம்புறது?"

"எந்த பக் சார்?"

"நிறைய இருக்கும்மா."

அட்டவணை முழுவதையும் மேக்மா என்ற வேறொரு மென்பொருளில் மறுபடி போட்டு வரச் சொல்லிவிட்டார்கள். மேக்மாவுக்குக் காசு கட்ட வேண்டும், எங்கள் துறையில் உரிமம் கிடையாது. உரிமம் இருக்கிற நிறுவனம் ஒன்றில் போய் ஓட்டிக்கொள்ள அனுமதி கேட்டு அந்தப் பெண் அலைந்துகொண்டிருக்கிறாள். விண்ணப்பத்தில் சாரின் கையெழுத்தும் வேண்டுமாம். சார் ஊரில் இல்லை. கணினி நம்பகத்தன்மை பற்றி எங்கோ பேசப் போயிருக்கிறார்.